ஐயமும் சான்றும்: ஒரு கொள்ளைநோயின் மூலம் பற்றி



அந்திப் பொழுதிலே, ஊர்ப்புறத்து வெளியொன்றில், நெடிதாக ஓர் உருவம் தோன்றுகின்றது. அது கட்டையோ, மனிதனோ? ஐயம் என்னும் சொல்லுக்குப் பொருள் விளக்கப் புகுந்த நம் பழைய உரையாசிரியர்கள் பெரும்பாலும் இந்த எடுத்துக்காட்டையே எடுத்தாண்டனர். தருக்க நூலார் மேலும் ஒரு படி சென்றனர். அதன் உச்சியிலே காகம் வந்து அமர்ந்தாற் கட்டை எனத் தெளிக. கையுங் காலும் அசையக் கண்டால் மனிதன் எனத் தெளிக என்றனர். மணிமேகலையிலே பிழைபட்ட அறிவின் வகைகளைத் தொகுத்துரைக்குமிடத்து ஐயமும் எண்ணப்படுகின்றது. தேராது தெளிதல் என்னும் மற்றொரு குற்றமும் அதனோடு எண்ணப்படுகின்றது. ஐயத்திற் கிடந்து உழல்வதும் பிழை, ஆராயாது துணிவதும் பிழை என இரண்டையும் ஒரே வரிசையில் வைத்த அந்தப் பார்வையை மனத்திற் கொண்டு, நம் காலத்துப் பெருங்கேள்வி ஒன்றை இன்று அணுகுவோம்.

2019ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31ஆந் திகதி, சீன நாட்டின் வூகான் நகரச் சுகாதார அதிகாரிகள், காரணம் அறியப்படாத நுரையீரல் அழற்சி சிலரிடங் காணப்பட்டதென அறிவித்தனர். அடுத்த நாளே அந்நகரின் ஹுவானான் கடலுணவுச் சந்தை மூடப்பட்டது. அதன்பின் நிகழ்ந்தவற்றை நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மாத்திரம், வழமைக்கு மேலாக ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சம் மக்கள் உலகெங்கும் உயிரிழந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இத்துணைப் பேரழிவை விளைத்த வைரசு எங்கிருந்து வந்தது? சந்தையில் உயிருடன் விற்கப்பட்ட காட்டு விலங்கிலிருந்து மனிதனுக்குத் தாவியது என்பார் ஒரு சாரார். அதே நகரில் வௌவால்களின் கொரோனா வைரசுகளை ஆராய்ந்துவந்த ஆய்வுகூடத்திலிருந்து தவறுதலாக வெளியேறியது என்பார் மற்றொரு சாரார்.

இது வெறும் வாய்ச்சண்டை என்று ஒதுக்குதற்கில்லை. முன்னையது உண்மையாயின், காட்டு விலங்குப் பண்ணைகளையும் சந்தைகளையும் கண்காணிப்பதிலே உலகம் தன் பொருளையும் உழைப்பையும் செலவிடல் வேண்டும். பின்னையது உண்மையாயின், ஆய்வுகூடங்களின் கதவுகளை இறுகப் பூட்டுதல் வேண்டும். இரண்டையுஞ் செய்யலாமே எனலாம். ஆனால் பணமும் அக்கறையும் எங்கு முதலிற் செல்வது என்ற வினா அப்போதும் எஞ்சி நிற்கும். அன்றியும், ஒரு நாட்டினர்மீதோ ஓர் ஆய்வாளர் குழுவினர்மீதோ கோடிக்கணக்கான மரணங்களின் பழியைச் சுமத்துவதற்கு முன்னர், எந்த அளவுச் சான்று வேண்டும் என்பதும் நீதி பற்றிய வினா.

ஐயத்தை எண்ணால் அளக்கும் முறையொன்றை இங்கிலாந்து நாட்டுச் சமயகுரு ஒருவர் வகுத்தார். தோமஸ் பேயிஸ் என்பது அவர் பெயர். 1761இல் அவர் இறந்தபின், அவருடைய கட்டுரையை நண்பர் றிச்சேட் பிறைஸ் 1763இல் வெளிப்படுத்தினார். கணிதக் குறியீடுகளை வானொலியில் எழுதிக் காட்டல் இயலாது. நம் கட்டையையும் மனிதனையுங் கொண்டே அதனை விளக்க முயல்கின்றேன்.

அந்த வெளியிலே அந்தி வேளையில் இத்தகைய உருவம் நூறு முறை தோன்றுமாயின், தொண்ணூறு முறை அது கட்டையாகவும் பத்து முறை மனிதனாகவும் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இது சான்று எதனையும் காண்பதற்கு முன் நாம் கொண்டிருக்கும் மதிப்பீடு. இப்பொழுது நம் நாய் அந்த உருவத்தை நோக்கிக் குரைக்கின்றது. மனிதனைக் கண்டால் அந்த நாய் பத்துக்கு எட்டு முறை குரைக்கும். ஆனால், காரணமின்றிக் குரைக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. கட்டையைக் கண்டும் பத்துக்கு ஒரு முறை குரைத்துவிடும். இப்பொழுது கணக்கிடுவோம். பத்து மனிதருக்கு எட்டுக் குரைப்பு. தொண்ணூறு கட்டைக்கு ஒன்பது குரைப்பு. ஆக மொத்தம் பதினேழு குரைப்புக்களுள் எட்டே மனிதனைக் கண்டு எழுந்தவை. நாய் குரைத்தபின்னும் அது கட்டையாயிருத்தற்கே சற்றுக் கூடுதலான இடமுண்டு. எனினும், நூற்றுக்குப் பத்தாக இருந்த ஐயம் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்தேழாக உயர்ந்துவிட்டது. சான்று பயனற்றுப் போகவில்லை. அதுவே முடிவாகவும் ஆகிவிடவில்லை.

இக்கணக்கிலே கவனிக்கத்தக்கது யாதெனில், நாயின் குரைப்புக்கு வலிமை தந்தது எட்டு என்ற எண் மாத்திரமன்று. எட்டுக்கும் ஒன்றுக்கும் உள்ள விகிதம். கட்டையைக் கண்டும் பத்துக்கு எட்டு முறை குரைக்கும் நாயாயின், அதன் குரைப்பால் நாம் அறிவது ஒன்றுமில்லை. எந்தச் சான்றைக் கேட்டாலும் இரண்டு வினாக்களைத் தொடுத்தல் வேண்டும். என் கொள்கை உண்மையாயின் இச்சான்று தோன்ற எவ்வளவு இடமுண்டு? என் எதிரியின் கொள்கை உண்மையாயின் இதே சான்று தோன்ற எவ்வளவு இடமுண்டு? முதல் வினாவை எல்லோருங் கேட்கின்றனர். இரண்டாவதைக் கேட்பார் அரியர்.

எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் ஒருநாள் தேநீர் வேளையில் இவ்விவாதம் எழுந்தது. "சீன அரசு மறைத்தது, ஐயா. குற்றமில்லாதவன் ஏன் மறைக்கிறான்? அது போதாதா?" என்றார் ஓர் ஆசிரியர். கேட்டவர்களுட் பலர் தலையசைத்தனர். மறைத்தது உண்மை. தொடக்ககால நோயாளர் பற்றிய விவரங்கள் பல இன்றுவரை வெளியிடப்படவில்லை. வூகான் வைரசு ஆராய்ச்சி நிலையத்தின் தரவுத் தொகுதி ஒன்று 2019 செப்தெம்பரில் வெளியார் பார்வையினின்றும் நீக்கப்பட்டது. ஆயினும் இரண்டாவது வினாவைக் கேட்போம். நோய் இயற்கையாகவே தோன்றியிருந்தால் அவ்வரசு மறைத்திராதா?

இதற்கு விடை கூற வரலாறு இரண்டு நிகழ்ச்சிகளைத் தந்துள்ளது.

2002ஆம் ஆண்டு நவம்பரில் சீனாவின் குவாங்டொங் மாகாணத்திலே சார்ஸ் என்னும் நோய் தோன்றியது. அதுவும் கொரோனா வைரசால் வந்ததே. 2003 மே மாதத்தில், சந்தையில் விற்கப்பட்ட புனுகுப்பூனைகளில் ஏறத்தாழ அதே வைரசு கண்டுபிடிக்கப்பட்டது. இயற்கையாக வந்த நோய் என்பதில் இன்று ஐயமில்லை. ஆயினும், அந்நோயைச் சீன அதிகாரிகள் மாதக்கணக்காக மறைத்தனர். 

மற்றைய நிகழ்ச்சி சோவியத் நாட்டில் நடந்தது. 1979 ஏப்ரிலில், சுவெர்ட்லொவ்ஸ்க் என்னும் நகரில் மக்கள் திடீரென அந்திராக்ஸ் நோயால் மாண்டனர். குறைந்தது 66 பேர். நோயுற்ற கால்நடையின் இறைச்சியை உண்டதே காரணம் என்றது சோவியத் அரசு. அந்நகரிலிருந்த இராணுவ நிலையமொன்றிலிருந்து கிருமி வெளியேறியது என்றனர் அமெரிக்கர். வாதம் பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மத்தியூ மெசல்சன் என்பார் நெடுங்காலம் இறைச்சிக் கதையை ஏற்கத்தக்கதெனவே கருதியிருந்தார். சோவியத் ஆட்சி வீழ்ந்தபின், 1992இலும் 1993இலும், தம் குழுவினருடன் அந்நகருக்கே சென்று, இறந்தோரின் குடும்பத்தாரை வினவி, ஏப்ரில் மாதத்தின் முதல் நாட்களிற் பகற்பொழுதில் ஒவ்வொருவரும் எங்கு இருந்தார் என்பதைப் படத்திற் குறித்தார். புள்ளிகள் நகரெங்கும் சிதறிக் கிடக்கவில்லை. இராணுவ நிலையத்தில் தொடங்கி நகரின் தென்னெல்லை வரை, ஏறக்குறைய 4 கிலோமீற்றர் நீளத்துக்கு, ஓர் ஒடுங்கிய கீற்றாக அவை அமைந்தன. அதே திசையில், நகருக்கு அப்பால் 50 கிலோமீற்றர் வரையுள்ள கிராமங்களிலே கால்நடைகளும் மடிந்திருந்தன. 1979 ஏப்ரில் 2ஆந் திகதி காற்று எத்திசையில் வீசியது என்பதை வானிலைப் பதிவேட்டிற் பார்த்தபோது, அதுவும் அத்திசையே. இறந்தோரின் உடலைச் சோதித்த அவ்வூர் வைத்தியர் இருவர், ஆபத்துக்கு அஞ்சாது பாதுகாத்து வைத்திருந்த திசுக்களும் கிருமி மூச்சின் வழியே உட்புகுந்தமையைக் காட்டின.

இறைச்சியால் வந்த நோய் காற்றின் திசையிலே கோடு கிழிக்குமா? இரண்டாவது வினாவுக்கு இங்கே "அரிது, மிக அரிது" என்பதே விடை. காகம் கட்டையில் வந்து அமர்ந்தது போன்ற சான்று அது. 1994இல் அந்த ஆய்வு வெளிவந்தபின் வாதம் முடிந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இயற்கையால் வந்த நோயையும் மறைத்தனர். ஆய்வுகூடத்தால் வந்த நோயையும் மறைத்தனர். அவமானத்துக்கு அஞ்சும் அரசுகள் எதையும் மறைக்கும். சார்ஸ் நோயின் பின்னும் காட்டு விலங்கு வாணிகத்தை ஒழுங்காகக் கட்டுப்படுத்தாதிருந்தமையும் சீன அரசுக்கு நாணத்தக்க செய்தியே. ஆதலின், மறைத்தமை என்பது இருபுறமும் ஏறக்குறைய ஒரே அளவிற் குரைக்கும் நாய். அதனைக் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். தராசிலே வைத்தால் முள் அதிகம் அசையாது. ஆசிரியர் அறையிலே இதைக் கூறியபோது நண்பர் முழுவதும் இசைந்தாரில்லை, தேநீர் ஆறிப்போயிற்று.

இனி, முள்ளை உண்மையாகவே அசைக்கும் சான்றுகளைப் பார்ப்போம். ஆய்வுகூடக் கொள்கையினர் முதலிற் காட்டுவது நகரின் பெயரை. இத்தகைய வைரசுகளை உடைய வௌவால்கள் பெரிதும் வாழ்வது யுனான் மாகாணத்திலும் அதற்குத் தெற்கேயுள்ள நாடுகளிலும். வூகான் அங்கிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாற்பட்டது. சீனாவின் பெருநகரங்கள் எத்தனையோ இருக்க, இத்துறையில் முதன்மையான ஆய்வு நிலையம் அமைந்த நகரிலேயே நோய் தொடங்குவானேன்? வினா நியாயமானது. ஆய்வுகூடத்திலிருந்து வந்ததாயின் வூகானில் தொடங்குதல் எதிர்பார்க்கத்தக்கது. விலங்கு வாணிகத்தால் வந்ததாயின், அவ்வாணிகம் நடைபெறும் பல நகரங்களுள் ஒன்றாகவே வூகான் அமையும். எனவே இச்சான்று ஆய்வுகூடத் தட்டிலே பன்மடங்கு எடையை ஏற்றுகின்றது. இதை இல்லையென மறுப்போர் நேர்மையாக வாதிடுவோர் அல்லர். 2018இல் அமெரிக்க நிறுவனமொன்று வூகான் ஆய்வாளருடனும் பிறருடனும் இணைந்து, வௌவால் வைரசுகளிலே பியூரின் வெட்டுமிடம் எனப்படும் உறுப்பைப் புகுத்தும் வேலையையும் உள்ளடக்கிய திட்டமொன்றை அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகவரகத்துக்கு விண்ணப்பித்திருந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆனால் அத்தகைய உறுப்பு இந்நோயின் வைரசிலே உண்டு. அதன் நெருங்கிய உறவினவாகிய வைரசுகளில் இல்லை. இதையும் அந்தத் தட்டிலேயே வைத்தல் வேண்டும். வேறு கொரோனா வைரசுகளில் அவ்வுறுப்பு இயற்கையாகவே தோன்றியிருத்தலால் எடையைச் சற்றுக் குறைத்து வைத்தல் வேண்டும்.

மறுதட்டிலே இருப்பது சந்தை. 2019 டிசெம்பரில் நோயுற்றோராகப் பின்னர் அடையாளங் காணப்பட்ட 174 பேருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் ஹுவானான் சந்தையோடு தொடர்புடையோர். வூகான் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகர். அங்கே வைத்தியசாலைகளும் புகையிரத நிலையங்களும் கடைத்தொகுதிகளும் எண்ணிறந்தன. காட்டு விலங்குகளை உயிருடன் விற்ற சந்தைகளோ நான்கு. அவற்றுள்ளும் அத்தகைய கடைகள் மிகுதியாக இருந்தது ஹுவானானிலே. 2017 மே முதல் 2019 நவம்பர் வரை அந்நான்கு சந்தைகளிலும் 38 இனங்களைச் சேர்ந்த 47,381 விலங்குகள் விற்கப்பட்டமையை, வேறொரு நோயை ஆராயச் சென்ற குழுவினர் தற்செயலாகப் பதிந்துவைத்தனர். இவ்வைரசு தொற்றக்கூடிய ராக்கூன் நாய் என்னும் விலங்கும் அவற்றுள் அடங்கும். வைரசு ஆராய்ச்சி நிலையம் யாங்சி ஆற்றின் மறுகரையில் உள்ளது. அங்கிருந்து வெளியேறிய கிருமி, வழியிலுள்ள அத்தனை இடங்களையும் விடுத்து, விலங்கு விற்ற சந்தையிலே முதன்முதல் வெடித்தெழுவானேன்? முன்னைய வினாவுக்கு நேர் எதிரான வினா இது. அதனைப் போலவே நியாயமானது.

இங்கே ஒரு தடையைக் கிளப்புதல் வேண்டும். சந்தையில் நோய் பரவினால் அது சந்தையில் பிறந்ததாகுமா? 2020 ஒக்டோபரில் நம் நாட்டிலே பேலியகொடை மீன் சந்தையிலிருந்து நோய் மாவட்டந்தோறும் பரவியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அங்கே மீன் நோயைப் பிறப்பிக்கவில்லை. மக்கள் நெருங்கும் இடமாதலின் முன்னரே நாட்டிற் புகுந்திருந்த நோய் அங்கே பெருகிற்று. அவ்வாண்டு யூன் மாதத்தில் பேய்ஜிங் நகரின் மொத்த விற்பனைச் சந்தையொன்றிலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஆகவே சந்தைச் சான்றின் எடையும் குறைக்கப்படல் வேண்டும். அன்றியும், வூகான் வைத்தியர்கள் தொடக்கத்திலே சந்தைத் தொடர்புடைய நோயாளரையே தேடினர் என்ற குறையும் உண்டு. வலை வீசிய துறையிலேதான் மீன் அகப்படும். 1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சாவுக்கு ஸ்பானிய நோய் என்று பெயர் வந்தது, அது ஸ்பெயினிற் பிறந்தமையால் அன்று. போரிற் சேராத ஸ்பெயினின் பத்திரிகைகள் அதனை மறையாது எழுதியமையால்.

இந்தத் தடைக்குத் தக்க விடை தேடிய ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. அதனைச் செய்தோர் 2019 டிசெம்பர் நோயாளருள் 155 பேரின் வதிவிடங்களைப் படத்திற் குறித்தனர். சந்தையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதோரின் வீடுகளும் சந்தையைச் சுற்றியே நெருங்கிக் கிடந்தன. சந்தைத் தொடர்புடையோரின் வீடுகளைவிடவும் அவை சந்தைக்கு அண்மையில் இருந்தன. சந்தையை வைத்து நோயாளரைத் தேடியதால் மாத்திரம் இது நேர்ந்திருக்க இயலாது. சந்தையின் உள்ளே எடுத்த மாதிரிகளிலும், உயிர் விலங்குகள் விற்ற தென்மேற்கு மூலையிலேயே வைரசின் தடயம் செறிந்திருந்தது. ராக்கூன் நாயின் மரபுப் பொருளும் அங்கே கிடைத்தமை 2023இல் வெளிப்பட்டது. பேலியகொடையிலே இத்தகைய மூலை ஒன்றும் இல்லை. ஆனால் மறுசாராரும் சும்மா இருப்பவரல்லர். வூகான் நகர நோய்த்தடுப்பு நிலையத்தின் ஆய்வுகூடம் ஒன்று 2019 டிசெம்பர் 2ஆந் திகதி இச்சந்தைக்கு அண்மையில் இடம் மாறியதை அவர்கள் எடுத்துக் காட்டுவர். தற்செயல் நிகழ்ச்சிகள் எப்புறத்தார்க்கும் கிடைக்கும்; தேடுவோர்க்கு மிகுதியாகக் கிடைக்கும்.

தற்செயல்களைப் பெருக்கிப் பெரிய எண்ணாக்குவதில் ஓர் இடர் உண்டு. 1999இல் இங்கிலாந்திலே ஒரு தாய், தம் இரு கைக்குழந்தைகளையுங் கொன்றாரெனக் குற்றவாளியாகக் காணப்பட்டார். அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணமின்றித் திடீரென இறத்தல் 8,543க்கு ஒன்று; இரு குழந்தைகள் அவ்வாறு இறத்தல் அவ்வெண்ணை அதனாலேயே பெருக்க, ஏறக்குறைய 7 கோடியே 30 இலட்சத்துக்கு ஒன்று எனக் குழந்தை வைத்திய நிபுணர் ஒருவர் மன்றிலே சாட்சி கூறினார். கேட்டவர் நடுங்கினர். ஆனால் ஒரே குடும்பத்தில், ஒரே மரபில், ஒரே வீட்டில் நிகழும் இரு மரணங்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று கொள்ள இடமேது? தொடர்புள்ளவற்றைத் தொடர்பற்றவை போலப் பெருக்கினால் வரும் எண் வெறும் பூதம். அதனினும் பெரிய பிழை வேறொன்று: தாயொருத்தி தன் இரு குழந்தைகளையுங் கொல்லுதல் எத்துணை அரிது என்ற இரண்டாவது வினாவை எவரும் கேட்கவில்லை. அரிதான இரண்டில் எது கூடுதலாக அரிது என்பதன்றோ வழக்கு? 2001இல் இங்கிலாந்தின் அரச புள்ளிவிவரவியற் கழகம் இப்பிழையைப் பகிரங்கமாகக் கண்டித்தது. 2003 சனவரியிலே தீர்ப்பு நீக்கப்பட்டு அத்தாய் விடுதலையானார். சில ஆண்டுகளில் இறந்தும் போனார்.

வூகான் வாதத்திலும் இதே பூதம் உலவுகின்றது. ஓர் இலட்சம் அமெரிக்க டொலரைப் பந்தயமாக வைத்து இரு தரப்பார் இதனை வாதிட்டனர். 2024இல் நடுவர் இருவரும் இயற்கைத் தோற்றத்துக்கே தீர்ப்பளித்தனர். பேயிசின் முறையையே கருவியாகக் கொண்டு தொடங்கிய அவ்வாதத்திலும் தரப்பினரின் கணக்குகள் ஒன்றுக்கொன்று எட்டாத் தொலைவில் நின்றன. சூத்திரம் பிழையன்று. அதனுள் இடும் எண்கள் நம் விருப்பத்திலிருந்து பிறந்தால், விருப்பமே கணித உடை உடுத்து வெளியே வரும். கலைப் பட்டதாரியாகிய எனக்கு எண்களின்மீது எப்போதும் ஓர் அச்சங் கலந்த மரியாதை உண்டு. ஆயினும் இதைக் கூறத் துணிவேன்: எண்ணுக்குப் பின்னே தசமத் தானங்கள் பல நிற்பதைக் கண்டால், அதனை இட்டவர் எங்கிருந்து பெற்றார் என முதலிற் கேளுங்கள்.

கதையின் கவர்ச்சி என்பது பிறிதோர் இடர். ஆய்வுகூடக் கொள்கையை விரித்துரைப்போர், ஆய்வாளர் குகைக்குச் சென்றார், வைரசைக் கொணர்ந்தார், அதனை மாற்றினார், கையுறை கிழிந்தது, நோயுற்றார், சந்தைக்குச் சென்றார் என அடுக்குவர். விவரம் கூடக்கூடக் கேட்போர்க்கு நம்பிக்கை கூடும். உண்மையில், "மேலும்" என்று ஒவ்வொன்றாகச் சேர்க்குந்தோறும் அத்தனையும் சேர்ந்து நிகழ்ந்திருத்தற்கான இடம் குறைந்துகொண்டே போகும். அந்நிலையம் வெளியிட்ட வைரசுகளுள் மிக நெருங்கியது 96 வீதம் ஒத்தது. நெருக்கம் போலத் தோன்றும். ஆனால் ஏறக்குறைய 30,000 எழுத்துக்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வேறுபாடு அது. இயற்கையிலே அவ்வேறுபாடு உண்டாகப் பல பத்தாண்டுகள் செல்லும். அதனினும் சற்று நெருங்கிய வைரசு பின்னர் லாவோஸ் நாட்டு வௌவால்களிற் கிடைத்தது. நோயின் வைரசோ அதன் நேர் மூதாதையோ 2019க்கு முன் அவ்வாய்வுகூடத்தில் இருந்தமைக்குச் சான்று இதுவரை வெளிவரவில்லை. சங்கிலியின் முதற் கண்ணியே காணப்படவில்லை என்பது பொருள்.

அங்ஙனமாயின், நோயுற்ற விலங்கும் காணப்படவில்லையே எனலாம். உண்மை. சார்ஸ் நோயிலே புனுகுப்பூனை சில மாதங்களுக்குள் அகப்பட்டது. இங்கே ஆண்டுகள் கழிந்தும் ஒன்றும் அகப்படவில்லை. காணாமை சான்றாகுமா? தேடிய அளவுக்கு ஆகும். கிணற்றுக்குள் இறங்கித் துழாவியும் குடம் கிடைக்காவிடின், அது கிணற்றில் இல்லை எனலாம். எட்டிப் பார்த்துவிட்டு அவ்வாறு கூறலாகாது. சந்தையிலே மாதிரி எடுக்கத் தொடங்குமுன் உயிருடன் விற்ற காட்டு விலங்குகள் அகற்றப்பட்டுவிட்டன. ஆகவே விலங்கு காணாமை விலங்குக் கொள்கைக்கு எதிரான சான்றே. ஆயினும் மெலிந்த சான்று. ஆய்வுகூடத்தின் ஏடுகளையும் வெளியார் எவரும் தடையின்றிப் பார்க்கவில்லை. அங்கு ஒன்றும் காணாமையும் அவ்வாறே மெலிந்தது.

காணாமையைத் தலைகீழாக்கிப் பேசுவோரும் உளர். "இல்லையென்று எவரும் எண்பிக்கவில்லையே; ஆகவே உண்டு" என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தின் கொடுமையை நம் நாடு தன் உடம்பிலே அனுபவித்தது. கொவிட் நோயால் இறந்தோரைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடலாம் என்ற ஐயத்தை முன்வைத்து, 2020 ஏப்ரில் முதல் 2021 பெப்ரவரி வரை எல்லோருடைய உடல்களையும் எரித்தல் கட்டாயமாக்கப்பட்டது. நல்லடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. நீர் வழியே அந்நோய் பரவியமைக்குச் சான்று இருக்கவில்லை. முஸ்லிம் குடும்பங்கள், பச்சிளங் குழந்தையின் உடலையும் தம் மார்க்க முறைப்படி அடக்கஞ்செய்ய இயலாது தவித்தன. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. "நிகழக்கூடும்" என்பதற்கும் "நிகழ்ந்தது" என்பதற்கும் இடையே எத்துணைத் தூரம் உண்டென்பதை அக்குடும்பங்களே நன்கறியும்.

அறிஞர் சபைகளும் உளவு நிறுவனங்களும் கூறிய முடிவுகளைக் கேட்கும்போது அவற்றின் அடைமொழியையும் கேட்டல் வேண்டும். 2021இல் அமெரிக்க உளவு அமைப்புக்களுட் சில இயற்கைத் தோற்றத்தையும் ஒன்று ஆய்வுகூடத்தையும் சார்ந்தன. 2023இல் அந்நாட்டின் சக்தித் திணைக்களமும், 2025 சனவரியில் மத்திய உளவு நிறுவனமும் ஆய்வுகூடத்தின் பக்கம் சாய்ந்தன. இவற்றுட் பெரும்பாலானவை "குறைந்த நம்பிக்கையுடன்" என்ற சொல்லோடு கூறப்பட்டவை. பத்திரிகைத் தலைப்புக்கு வந்து சேர்வதற்குள் அச்சொல் உதிர்ந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழு 2025 யூனில், கிடைத்த சான்றுகளின் எடை விலங்கிலிருந்து தாவியமையை நோக்கியே சாய்கின்றதெனவும், கேட்ட விவரங்கள் தரப்படாமையால் ஆய்வுகூடக் கொள்கையை முற்றாக ஆராயவோ விலக்கவோ இயலவில்லையெனவும் அறிவித்தது. என் சொந்த நிறுவையும் ஏறக்குறைய அதுவே. நகரின் பெயர் தந்த எடையைச் சந்தையும், அதன் தென்மேற்கு மூலையும், சுற்றியுள்ள வீடுகளும் ஈடுசெய்து மேலுஞ் சற்றுக் கனக்கின்றன என்பது என் கருத்து. சுவெர்ட்லொவ்ஸ்க் நகரிலே கிடைத்த அந்தக் காற்றுக் கோடு போன்ற ஒன்று இங்கே எவர்க்கும் இன்னும் கிடைக்கவில்லை.

கிடைத்தால் எத்தகையதாக இருக்கும்? 2019க்கு முன் எழுதப்பட்ட ஆய்வுகூட ஏடொன்றிலே இவ்வைரசின் வரிசை பதிந்திருந்தால், சந்தைத் தட்டிலே உள்ள அத்தனையையும் அது ஒன்றே தூக்கி எறிந்துவிடும். ஹுவானானுக்கு விலங்கு அனுப்பிய பண்ணையொன்றில் அவ்வாண்டு எடுத்த குருதி மாதிரிகளில் இவ்வைரசுக்கு எதிரான பொருள் காணப்பட்டால், வாதம் மறுபுறத்திலே முடிந்துவிடும். 2020 பெப்ரவரி 24ஆந் திகதி காட்டு விலங்கை உணவுக்காக விற்பதைச் சீனா தடைசெய்தது. பண்ணைகள் மூடப்பட்டன, விலங்குகள் அழிக்கப்பட்டன. அவற்றின் குருதி எங்கேனும் ஓர் உறைகலத்தில் எஞ்சியிருக்கின்றதா, ஆய்வுகூட ஏடுகளை வெளியார் பார்க்க விடுவார்களா என்பனவே இனிக் கேட்க வேண்டிய கேள்விகள். அவற்றுக்கு விடை தரவேண்டியோர் இன்றுவரை விடை தரவில்லை.